பெரியவரின் கடைசி வார்த்தை

மஸ்கெலியா
18.02.2024

அன்புள்ள மருமகன் கஜேந்திரனுக்கு,

மாமா அழகுமுத்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தையும் என் இருமலும் சுகம். அங்கே டோஹாவில் நீயும் அந்த வெயிலும் ஒருவரோடொருவர் எப்படி என்று அறிய ஆசை.

போன் இருக்கிற காலத்தில் இந்த மனுசன் ஏன் முத்திரை ஒட்டிக்கொண்டிருக்கிறான் என்று நினைப்பாய். காரணம் நீதான். உன் அப்பாவின் அடக்கம் முடிந்த கையோடு, “சபையை ஏத்துக்க வருவீங்களா தம்பி?” என்று சபைக்காரர்கள் கேட்டதற்கு, “யோசிச்சுப் பாப்போம்” என்று ஒரு குரல் செய்தி அனுப்பினாய் அல்லவா? அதை நிரஞ்சன் சாரின் ஆட்கள் போனில் சத்தமாகப் போட்டுக் கேட்டு ஆமென் சொன்னார்கள். ஜெரோமியின் ஆட்களும் போட்டுக் கேட்டு ஆமென் சொன்னார்கள். இனி நீ தும்மினாலும் அது தேவ வெளிப்பாடுதான். உன் அம்மாவின் போனோ அவள் காதுக்குப் போகும் முன் பத்துக் கைக்குப் போகிறது. ஆகவே கடிதம். தேயிலைத் தோட்டத்து விலாசத்துக்குப் போடாதே, பஸ் ஸ்டாண்ட் டைம்கீப்பர் அறைக்குப் போடு. அங்கே என்னைத் தவிர யாரும் எதையும் வாசிப்பதில்லை, பஸ் நேரம் உட்பட.

இனிச் சபைச் செய்தி. உன் அப்பா கொழும்பிலிருந்து அமெரிக்க மோர்மன் சபையின் வேதப் புத்தகத்தோடு வந்து இறங்கிய நாளில் நீ பால்குடி. பெட்டியைத் தூக்கி வந்தவன் நான். அந்தப் பாரத்துக்கு உள்ளே சாராயப் போத்தல் என்று நம்பி, குலுக்காமல் தூக்கினேன். பிறகு கொழும்புச் சபையோடு ஏதோ மனக்கசப்பாகி, நம்ம தோட்டத்திலேயே தனியாக மலைச் சபை என்று ஆரம்பித்தார். செல்லசாமி மச்சான் எல்லாருக்கும் பெரியவர் ஆனார். நான் பெரியவரின் மச்சினன் ஆனேன், விலகமுடியாத பதவி.

அவர் போன மறு ஞாயிறு உங்கள் வீட்டு முன்திண்ணை இஸ்தோப்பில் கூடினோம். வெறும் நாற்காலிக்குப் பக்கத்தில் நிரஞ்சன் சார் எழுந்து நின்றார். தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்கு படிப்பிக்கிறவர், எதற்கும் வரிசை வேண்டும். “பெரியவருக்கு அடுத்ததா சபையில குருப்பட்டம் வாங்குனது நானு. வரிசைப்படி அடுத்தது நாந்தான். ஆதரிக்கிறவங்க வலது கையைத் தூக்குங்க” என்றார். தூக்கினோம். பிறகு உன் அப்பா பழக்கிவைத்த மாதிரியே, “எதிர்க்கிறவங்க இருந்தா அவுங்களும் அதே மாதிரி தூக்கலாம்” என்றார். அதற்கும் தூக்கினோம்.

நாங்கள் யூனியன் கூட்டத்தில் வளர்ந்த சனம், மாப்ள. முன்னால் நிற்கிற மனுசன் கையைத் தூக்கச் சொன்னால் தூக்குவோம். தூக்காவிட்டால் அவர் மனசு என்ன பாடுபடும்? சார் எண்ணிப் பார்த்தார். ஆளைவிடக் கை அதிகம். கணக்கு வாத்தியார், பாவம், திரும்பவும் எண்ணினார்.

அதற்குள் ஆட்டோ ஜெரோமி எழுந்தான். “ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறப்போ பெரியவர் வழி நெடுக என் தோள் மேல கை வச்சுக்கிட்டே வந்தாரு. கை வச்சாத்தானே பட்டம்? அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?” என்றான். மஸ்கெலியா வளைவுகளில் ஆட்டோக்காரன் தோளைப் பிடிக்காமல் வந்தவன் யார்? நானும் பிடித்திருக்கிறேன், எனக்கும் அவனுக்கும் பட்டம் பரிமாறப்பட்டதா? ஆனால் கேட்கவில்லை. அவனும் ஆதரிக்க ஒரு தரம், எதிர்க்க ஒரு தரம் கையைத் தூக்கச் சொன்னான், தூக்கினேன். ஒரே கை, அன்றைக்கு நாலு தரம்.

பிறகு இரண்டு பேரும் குசினிக்குப் போய் உன் அம்மாவைக் கேட்டார்கள். “அக்கா, நீங்கதானே பெரியவர மடியில வச்சுக்கிட்டு வந்தீங்க? கடைசியா யாரைச் சொன்னாரு?”

நாகலெட்சுமி அக்கா கொத்தமல்லி வறுத்துக்கொண்டிருந்தாள். வறுத்துக்கொண்டே இருந்தாள். கருகிய வாசனை இஸ்தோப்பு வரைக்கும் வந்த பிறகும் வறுத்துக்கொண்டே இருந்தாள்.

அது ஒன்றுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. மற்றபடி எல்லாம் சுகம். தண்ணீர் நிறையக் குடி.

உன் மாமா,
அழகுமுத்து

*

டோஹா
17.03.2024

அன்புள்ள மாமாவுக்கு,

கஜேந்திரன் வணக்கத்தோடு எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். அத்தையையும் உங்கள் இருமலையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

ஹோட்டல் கிச்சனில் வேலை வழக்கம்போலப் போகிறது. ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருசத்துக்கு மேல் இருக்கிறது. அப்பாவின் அடக்கத்துக்கே விடாதவர்கள் இனி விடமாட்டார்கள்.

என்னோடு வேலை செய்கிற ஆர்னெல் என்ற பிலிப்பைன்ஸ் அண்ணன் பிறந்ததிலிருந்தே மோர்மன் சபைக்காரர். அப்பா இறந்த செய்தியைச் சொன்னதும் தோளைத் தட்டிவிட்டு, “அடுத்தது யார்?” என்றுதான் கேட்டார். இது பழைய வியாதியாம். 1844இல் அமெரிக்காவில் மோர்மன் சபையை ஆரம்பித்த ஜோசப் ஸ்மித்தைச் சிறைக்குள்ளேயே ஒரு கும்பல் சுட்டுக் கொன்றபோது, அடுத்தது யார் என்று எல்லாருக்கும் தெளிவாக இருக்கவில்லையாம். அவருடைய ஆலோசகர், சபைக்கு நானே காவலன் என்றாராம். பன்னிரண்டு பேர் குழுவின் தலைவர் பிரிகாம் யங், பொறுப்பு எங்களிடம்தான் என்றாராம். இன்னொருவர் தனக்கு நியமனக் கடிதம் வந்ததாகக் காட்டினாராம். நிறையப் பேர் யங்கின் பக்கம் நின்று, பிறகு அவரோடு மேற்கே போய்விட்டார்களாம். மற்றவர்கள் துண்டு துண்டாகப் பிரிந்தார்களாம்.

மாமா, அப்பா கடைசியில் உண்மையிலேயே என்ன சொன்னார்? எல்லாரும் என்னிடம் கேட்கிறார்கள். அம்மா போனில் “சாப்டியா?” என்பதைத் தாண்டுவதில்லை. நான் “சாப்டேன்” என்றதும் வைத்துவிடுகிறார்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கஜேந்திரன்

*

மஸ்கெலியா
28.04.2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சித்திரை வருசம் பிறந்தது, புது இருமல் ஒன்றும் பிறந்தது. அத்தை தைலம் தேய்த்துத் தேய்த்து என்னை ஒரு போத்தலாகவே ஆக்கிவிட்டாள். நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

அந்த அமெரிக்காக் கதையை வாசித்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவ்வளவு பெரிய நாட்டில் வருசக் கணக்கில் இழுத்தடித்துச் செய்த வேலையை, நம்ம லயத்து வீட்டு வரிசையில் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிட்டோம்.

இப்போது உங்கள் இஸ்தோப்பில் காலையில் நிரஞ்சன் சார் சபை, பின்னேரம் ஜெரோமி சபை. பெரியவர் ஜெபித்த இடம் என்பதால் இரண்டு பேரும் அந்த இடத்தை விடுவதாக இல்லை. சார் கூட்டம் நாற்காலிகளைக் கிழக்கே பார்த்துப் போடுகிறது, ஜெரோமி கூட்டம் மேற்கே பார்த்து. நடுவில் உன் அம்மா ஒவ்வொன்றாகத் தூக்கித் திருப்பிப் போடுகிறாள். நான் போய் உதவினால், “எந்தப் பக்கத்துக்கு உதவுறீங்க மாமா?” என்று விசாரணை. நான் காலையிலும் போகிறேன், பின்னேரமும் போகிறேன். இரண்டு பக்கமும் என்னைத் துரோகி என்கிறது. அதில் மட்டும் ஒற்றுமை.

எல்லாவற்றையும்விடப் பெரிய சண்டை, சபை விலக்கிய தேத்தண்ணியில். தேயிலையில் பிறந்து, தேயிலையில் வளர்ந்து, தேயிலைக் கொழுந்தெடுத்தும் அரைத்தும் பிழைத்து, தேத்தண்ணி மட்டும் குடிக்காத ஒரே சனம் நாம்தான். உன் அப்பா முப்பது வருசம் தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து அரைக்கிற றோலர் ரூமில் நின்றவர். வீட்டுக்கு வந்தால் ஆள் வருமுன் வாசனை வரும். ஆனால் ஒரு சொட்டு நாக்கில் பட்டதில்லை. ஒரு ஞாயிறு பிரசங்கத்தில், “நானே சாகக் கெடந்து கேட்டாலும் குடுக்கக் கூடாது. சம்மதமா?” என்று கேட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். எல்லாரும் கை தூக்கினோம். உன் அம்மா குசினி வாசலில் நின்றபடியே தூக்கினாள்.

இப்போது சாரின் ஆட்கள் ஜெரோமியின் ஆட்கள் வாயை மோந்து பார்க்கிறார்கள். டவுனில் ரகசியமாகக் குடிக்கிறார்களாம். இந்த அநியாயத்தைக் கேட்டு நான் மிகவும் அதிர்ச்சியடைந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள கடையில் ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே பாலில்லாத வெறும் தேத்தண்ணி, நம்ம சாயத்தண்ணி, குடித்தபடிதான் அதிர்ச்சியடைந்தேன். இருபது வருசமாக அதே வாங்குப் பலகை, அதே முதுகு.

உன் அம்மா வாயைத் திறக்கவில்லை. யாரைச் சொன்னார் என்றால் அடுப்பைப் பார்க்கிறாள். மெலிந்துவிட்டாள்.

மாப்ள, ஒரு சின்ன விசயம். உன் கடிதத்தின் மூலையில் ஒரு வட்டக் கறை இருந்தது. மூக்கில் வைத்துப் பார்த்தேன், ஏலக்காய். யாரிடமும் சொல்லவில்லை. என் முதுகை நீ பார், உன் முதுகை நான் பார்க்கிறேன்.

உன் மாமா,
அழகுமுத்து

*

டோஹா
26.05.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சுகம். நீங்கள் இரண்டு பேரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

அந்தக் கறை பக்கத்தில் இருந்தவரின் கோப்பை.

ஆர்னெல் அண்ணனிடம் மிச்சக் கதையைக் கேட்டேன். ஜோசப் ஸ்மித்தின் மூத்த மகனுக்கு அப்பா சாகும்போது பதினொரு வயதாம். அவர் வளர்ந்து 1860இல், மேற்கே போகாதவர்களில் ஒரு பகுதிக்குத் தலைவரானாராம். மனைவி எம்மா கடைசிவரைக்கும் சபை முன்பு இருந்த ஊரை விட்டுப் போகவில்லையாம். போனவர்கள் அவரைக் குறை சொன்னார்களாம். “அந்த அம்மா என்ன சொன்னாங்க?” என்று கேட்டேன். “அவங்களை யார் கேட்டது?” என்றார்.

எனக்குப் பதினொன்றல்ல, முப்பத்தொன்று. ஆனாலும் என்னால் முடியாது. நான் வரமாட்டேன், யாருக்கும் தலைவனும் ஆகமாட்டேன் என்று இரண்டு பக்கத்திலும் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகாவது அம்மாவை நிம்மதியாக விடுவார்கள். நீங்களும் ஒருமுறை அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள். உங்களிடம் சொல்லுவார்.

இப்படிக்கு,
கஜேந்திரன்

*

மஸ்கெலியா
30.06.2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சுகம். சுகமா?

நீ சொன்னதைச் சொன்னேன். “பாத்தீங்களா, என்னா பணிவு! இதுதான் தலைவருக்கு அழகு” என்றார் நிரஞ்சன் சார். ஜெரோமி அழுதே விட்டான். இரண்டு பக்கமும் உன்னை இன்னும் அதிகமாக எதிர்பார்க்கிறார்கள்.

அக்காவிடம் தனியாகக் கேட்டேன்.

மழை விடாமல் பெய்கிறது. அணை நிரம்பி வான்கதவு திறந்துவிட்டார்கள். ஹட்டன் பஸ்கள் எல்லாம் பிந்துகின்றன. அத்தை உன்னைக் கேட்டதாகச் சொன்னாள்.

உன் மாமா,
அழகுமுத்து

*

டோஹா
28.07.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சுகம். உங்கள் கடிதத்தைப் பல தடவை வாசித்தேன். அதில் ஒரு கிண்டலும் இல்லை. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் நீங்கள் அப்படிப் பேசினதும் இல்லை, எழுதினதும் இல்லை. அம்மா என்ன சொன்னார்?

கஜேந்திரன்

*

டோஹா
01.09.2024

மாமா,

கடிதம் கிடைத்ததா? போன் எடுத்தால் அம்மா “சாப்டியா?” என்றுகூடக் கேட்கவில்லை. மூச்சு மட்டும் கேட்கிறது. பின்னால் யாரோ பாட்டுப் பாடுகிறார்கள். நான் இங்கே இருந்து என்ன செய்ய? சுகமாக இருக்கிறீர்களா என்று மட்டுமாவது எழுதுங்கள்.

கஜேந்திரன்

*

மஸ்கெலியா
22.09.2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உயிரோடு இருக்கிறோம். இருமலும் இருக்கிறது. பதில் போடாததற்கு மழையைக் குற்றம் சொல்லலாம் என்று பார்த்தேன், மழை விட்டு நாளாகிவிட்டது.

அக்கா என்னிடம் சொன்னதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இப்போது அவளே எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டாள். சொல்லச் சொன்னவன் நான். “சொல்லிடுக்கா, சொன்னா ரெண்டு பயலும் வாயை மூடிக்கிட்டுப் போயிருவானுங்க” என்றேன். என் புத்தி பஸ் புறப்படுகிற நேரம் எழுதத்தான் லாயக்கு. அதுவும் பிந்தித்தான் புறப்படுகிறது.

போன மாசம் ஒரு ஞாயிறு இரண்டு சபையையும் ஒன்றாகக் கூட்டினோம். நாற்காலிகளை எந்தப் பக்கம் பார்த்துப் போடுவது என்பதில் கொஞ்ச நேரம் போனது. கடைசியில் பாதிப் பேர் பாதிப் பேரைப் பார்த்து உட்கார்ந்தோம், கல்யாணப் பேச்சுக்கு வந்த மாதிரி.

“அக்கா சொல்லட்டும். சொன்னா அதுதான் முடிவு” என்றார் சார். “ஆமாங்க, அக்கா வாக்குத்தான்” என்றான் ஜெரோமி. இதற்கும் கை தூக்கினோம்.

அக்கா குசினி வாசலுக்கு வந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை ஈரமாக இல்லை.

“அவரு யாரையும் சொல்லல்ல” என்றாள். “சாயத்தண்ணி கேட்டாரு.”

மறுபடியும் முந்தானையில் கையைத் துடைத்தாள்.

“டவுன்ல ஜெரோமி தம்பி தண்ணிப் போத்தல் வாங்க எறங்கிச்சு. அந்தக் கடையில சாயம் ஊத்திக்கிட்டு இருந்தாங்க. வாசம் வந்துச்சு. கண்ணைத் தொறந்து பாத்தாரு. ‘லெட்சுமி, ஒரு வாய் சாயத்தண்ணி வாங்கிக் குடு’ன்னாரு. ‘நீங்கதானே கேட்டாலும் குடுக்காதன்னீங்க’ன்னேன். திரும்பவும் கேட்டாரு. கொழந்தை கேக்கிற மாதிரி கேட்டாரு. நான் பிளாஸ்குல இருந்த கொத்தமல்லித் தண்ணிய வாயில வச்சேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. அதுக்குப் பொறகு ஆஸ்பத்திரி வரைக்கும் எங்கிட்ட ஒண்ணும் பேசல்ல. அங்க போய்ச் சேந்தப்போ ஆளே இல்ல.”

முடிந்தது என்று நினைத்தேன் மாப்ள. பட்டமும் இல்லை, வெளிப்பாடும் இல்லை, எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போவார்கள் என்று நினைத்தேன்.

முதலில் எழுந்தது ஜெரோமிதான். கண்ணெல்லாம் தண்ணீர். “கேட்டீங்களா? பெரியவர் வெலக்கை எடுத்துட்டாரு! கடைசி வெளிப்பாடு அதுதான்! தேத்தண்ணி ஆகும்!”

“உக்காருடா! அது வெளிப்பாடு இல்ல, சோதனை” என்றார் சார். “பெரியவர் சோதிச்சாரு, அக்கா ஜெயிச்சாங்க. கட்டளை நிக்கிது!”

“சாகுற மனுசன் சோதனையா வைப்பாரு? நீங்க பள்ளிக்கூடத்துல வைக்கிற மாதிரி?”

“நீ வாயை ஊது பாப்போம்! இன்னைக்கு எத்தனை கோப்பை?”

இதற்கிடையில் பின்வரிசை வாங்கிலிருந்து அடுத்த காம்பரா வீட்டு ராசம்மா எழுந்தாள். “ஆம்பளைங்க ரெண்டு பேரும் சும்மா இருங்க. பெரியவரு கடைசி வார்த்தைய யாருகிட்டச் சொன்னாரு? அக்காகிட்ட. அப்ப அக்காதான் அடுத்தது. ஆதரிக்கிறவங்க கையைத் தூக்குங்க!”

பொம்பளைகள் பக்கம் பாதிக் கை எழுந்தது. என் கை பழக்கத்தில் பாதி தூரம் போய்விட்டது, அத்தை பிடித்து இழுத்துவிட்டாள்.

அந்தக் கூச்சலுக்கு நடுவில் அக்கா ஜெரோமியைப் பார்த்து ஏதோ சொன்னாள். நான் பக்கத்தில் நின்றதால் கேட்டது. “தம்பி, அவருக்குத் தாகமா இருந்துச்சு, அவ்வளவுதான்” என்றாள். இரண்டு தரம் சொன்னாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

ஆக, இப்போது மூன்று சபை. ஜெரோமி சபையில் ஞாயிறு திருவிருந்தில் அப்பத்தோடு கொடுக்கிற தண்ணீருக்குப் பதிலாகச் சாயத்தண்ணி கொடுக்கிறார்கள், அக்கா கையால் ஊற்றிக் கொடுக்க வேண்டுமாம். சார் சபையில் ஒவ்வொரு வாரமும் அவள் எழுந்து நின்று எப்படி மறுத்தாள் என்று சாட்சி சொல்ல வேண்டுமாம். ராசம்மா கூட்டம் குசினியிலேயே உட்கார்ந்துகொண்டு, “அந்தக் கடைசி நேரத்தச் சொல்லுங்கம்மா” என்கிறது. வேண்டாம் என்று சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. சொல்லிப் பார்த்த என்னாலும் ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் உன் அப்பா மூன்று தரம் தாகத்தோடு சாகிறார் மாப்ள, மூன்று தரமும் அவள்தான் பக்கத்தில் இருக்கிறாள்.

அவளை எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டேன். “நாற்காலி யாரு திருப்புவாங்க?” என்றாள்.

மன்னித்துக்கொள். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மாமா,
அழகுமுத்து

*

டோஹா
20.10.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சுகம் என்று எழுதுவதற்கு இந்தத் தடவை கொஞ்ச நேரம் எடுத்தது.

அந்தக் கறை என்னுடையதுதான். நான் ஹோட்டல் கிச்சனில் இல்லை. ரோட்டோரத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை. கார்க்காரர்கள் வந்து ஹோர்ன் அடிப்பார்கள், நாங்கள் ஓடிப்போய்க் கொடுக்க வேண்டும். பாலும் ஏலக்காயும் போட்டுக் கொதிக்கவைத்த தேத்தண்ணி, கரக் என்பார்கள். ஆர்னெல் அண்ணன் ரொட்டி சுடுகிறார், நான் ஊற்றுகிறேன். காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் ஊற்றுகிறேன். சில தேயிலைப் பெட்டிகளில் நம்ம நாட்டுப் பேர் இருக்கும்.

அப்பா போனில் “என்ன வேலை தம்பி?” என்று கேட்கும்போதெல்லாம் கிச்சன் என்றேன். “நல்லது, நெருப்புக்கிட்ட கவனம்” என்பார். சின்ன வயதில் அவர் ஃபெக்டரியிலிருந்து வந்து கழற்றிப் போடுகிற சட்டையை அம்மா துவைக்கிறதற்கு முன்னால் எடுத்து மோந்து பார்ப்பேன். ஒருநாள் பார்த்துவிட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இந்தக் கடையில் ஹோர்ன் அடித்தவன் எவனுக்கும் நான் இல்லை என்று சொன்னதில்லை.

மாமா, அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். அந்த ஆட்டோவில் நான் இருந்திருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன் என்று சொல்லுங்கள். அது பொய்தான். ஆனாலும் சொல்லுங்கள். வேறு எதை அனுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
கஜேந்திரன்

*

மஸ்கெலியா
19.01.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தைப்பொங்கல் வாழ்த்து. அத்தை பொங்கினாள், நான் இருமினேன். நீ சுகமாக இருக்கிறாயா? ராத்திரியாவது கால் நீட்டிப் படுக்கிறாயா?

நீ சொல்லச் சொன்னதைச் சொல்ல இவ்வளவு நாள் ஆகிவிட்டது. அக்கா தனியாக இருக்கிற நேரம் கிடைக்கவில்லை. மூன்று சபையும் அவளைப் பங்கு போட்டுக்கொண்டதில் எனக்கு ஒரு பங்கும் இல்லை. இன்றைக்கு உன் அப்பா போய் ஒரு வருசம் என்று மூன்று கூட்டமும் ஒரே நேரத்தில் வந்து இஸ்தோப்பில் நெருக்கியடித்து நின்றன. யார் முதலில் ஜெபிப்பது என்று தகராறு. ராசம்மாவும் அந்தச் சண்டைக்குப் போய்விட்டதால், வருசத்தில் முதல் தடவையாகக் குசினி காலியாக இருந்தது.

போனேன். அக்கா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நீ சொன்னதைச் சொன்னேன்.

அடுப்பைப் பார்த்தபடியே, “பொய் சொல்றான். அவன் குடுத்திருப்பான்டா” என்றாள்.

நான் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பிறகுதான் கவனித்தேன், அடுப்பில் கொதித்தது கொத்தமல்லி இல்லை. வடித்து டம்ளரில் ஊற்றினாள். அரிசிப் பெட்டிக்கு மேலே உன் அப்பாவின் சின்னப் படம், ஃபெக்டரி அடையாள அட்டையிலிருந்து வெட்டி எடுத்தது. அதற்கு முன்னால் டம்ளரை வைத்தாள். பக்கத்தில் ஒரு கரண்டி சீனி. சபைக்கு வருமுன்னால் எங்கள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அவளே படைத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. சுருட்டு, கள்ளு, கருவாடு என்று செத்தவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் வைப்பாள். பெரியவர் சபைக்காரரான நாளிலிருந்து அதையெல்லாம் விட்டுவிட்டாள். கும்பிட்டாள் என்று சொல்லமுடியாது. ஆவி அடங்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படைத்ததை யாராவது குடிக்க வேண்டும் அல்லவா? என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“நீ குடி முத்து.”

“ஐயோ அக்கா, நான் எங்க...”

“போதும்டா. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால இருபது வருசமா யாரு உக்காந்து குடிக்கிறது? முதுகைப் பாத்தா எனக்குத் தெரியாதா? அவருக்கும் தெரியும்.”

“மச்சானுக்குமா?”

“‘உந்தம்பி நல்ல கடையாத்தான் புடிச்சிருக்கான்’ன்னாரு ஒருநாள். அதோட விட்டுட்டாரு.”

அந்த ஆட்டோ தண்ணிப் போத்தலுக்கு நின்றது அதே கடைக்கு முன்னால்தான் மாப்ள. இதை உனக்கு எழுதாமல் விடலாம் என்று இருந்தேன். அன்றைக்கு நான் ஹட்டனில் இருந்தேன். ஊரில் இருந்திருந்தால் உள்ளே அந்த வாங்கில்தான் இருந்திருப்பேன், ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

டம்ளரை எடுத்துக் கொடுத்தாள். இன்னொரு கையை விரிக்கச் சொல்லிச் சீனியைக் கொட்டினாள். அந்த நேரம் பார்த்து முன்பக்கம் நிரஞ்சன் சாரின் சத்தம். “பெரியவரின் வழியை ஆதரிக்கிறவங்க வலது கையைத் தூக்குங்க!” உடனே ஜெரோமி, “நம்ம பக்கம் ஆதரிக்கிறவங்களும் தூக்குங்க!” அதற்கு மேல் ராசம்மா.

இவ்வளவு காலத்தில் முதல் தடவையாக நான் யாருக்கும் கை தூக்கவில்லை. ஒன்றில் டம்ளர் இருந்தது, மற்றதில் சீனி.

இருபது வருசம் திருடிக் குடித்தவனுக்கு, மச்சான் கேட்டது ஒரு வாய்தான் என்பது ஞாபகம் வந்தது. அந்த ஒரு வாயைக் குடித்தேன். அக்கா என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள், இறங்குகிறதா என்று.

“சூடு சரியா இருந்துச்சா?” என்று கேட்டாள்.

சரியாக இருந்தது என்றேன். டம்ளரை வாங்கிக் கழுவி வைத்துவிட்டு, முந்தானையை உதறிக்கொண்டு, நாற்காலி திருப்பப் போனாள்.

நீ சாப்பிட்டாயா என்று அவள் கேட்கச் சொன்னாள். எழுது.

உன் மாமா,
அழகுமுத்து